ஜாஸ் யாருடைய சொத்து?

"ஜாஸ் சங்கீதமா? பெரிய ஓட்டலில் மதுக் கிண்ணத்தோடு உட்கார்ந்து கேட்கிற சமாச்சாரமாயிற்றே! பஞ்சாலைத் தொழிலாளிக்கும் பருத்தி எடுக்கும் பெண்ணுக்கும் அங்கே என்ன வேலை?"

இப்படிக் கேட்பவர்கள் இரண்டு ரகம். சங்கீதம் தங்கள் பாட்டன் சொத்து என்று நினைக்கும் மேட்டுக்குடி ரசிகர்கள் ஒரு ரகம். "அமெரிக்காக்காரன் சங்கீதம் நமக்கு எதற்கு?" என்று நல்லெண்ணத்தோடு கேட்கும் நம் தோழர்கள் இன்னொரு ரகம். முதல் ரகத்தாரோடு சண்டை போட வேண்டும். இரண்டாவது ரகத்தாரோடு பேச வேண்டும். இரண்டையும் இங்கே செய்வோம்.

பருத்திக் காட்டில் பிறந்தது

அருப்புக்கோட்டை, திருச்சுழிக் கரிசலில் பருத்தி எடுத்துக் கீறல் பட்ட விரல்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலி போட்டு இழுத்து வரப்பட்ட மக்கள் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பருத்திக் காட்டு அடிமைகளாக உழைத்தார்கள். நிரை பிடித்து வேலை செய்கையில் ஒருவர் பாட, மற்றவர்கள் எதிர்ப்பாட்டுக் கொடுத்தார்கள். நம் பெண்கள் களையெடுப்பில் பாடுவது எப்படியோ அப்படித்தான்! அந்தப் பாட்டு வளர்ந்து 'ப்ளூஸ்' ஆயிற்று. அதோடு நியூ ஆர்லியன்ஸ் நகரத் தெருக்களின் பாண்டு வாத்தியம் சேர்ந்து ஜாஸ் ஆயிற்று.

1861 முதல் 1865 வரை அங்கே உள்நாட்டு யுத்தம். அமெரிக்கப் பருத்தி வராமல் லங்காஷயர் ஆலைகள் தவித்தபோது, இங்கிலாந்து முதலாளிகளின் கண் இந்தியப் பருத்தியின் மேல் விழுந்தது. திருநெல்வேலிச் சீமைப் பருத்தியும் கப்பலேறியது. அங்கே அடிமையின் பருத்தி. இங்கே கடன்பட்ட சம்சாரியின் பருத்தி. இரண்டும் போய்ச் சேர்ந்த இடம் ஒன்றே. அந்த அடிமையின் பாட்டு நமக்கு அந்நியமாம், அவனைச் சுரண்டியவனின் ஆலை மட்டும் அந்நியமில்லையாம்! இது என்ன நியாயம்?

கொள்ளையடித்தவர்கள்

முதல் ஜாஸ் இசைத்தட்டு 1917-ல் வெளிவந்தது. வாசித்தவர்கள் யார்? வெள்ளையர் கோஷ்டி ஒன்று! சங்கீதத்தைப் பெற்றவர்கள் வாசலில் நிற்க, தட்டு வேறொருவர் பெயரில் விற்றது. 1923 முதல் தட்டுகளில் பாடிய பெஸ்ஸி ஸ்மித்தின் பாட்டுகள் லட்சக்கணக்கில் விற்றன. அவருக்குக் கிடைத்தது ஒரே தரக் கூலி. விற்பனையில் பங்கு கிடையாது. பீஸ் ரேட்டில் தறி ஓட்டுகிறவருக்கு இதை விளக்க வேண்டுமா?

"அமெரிக்க சர்க்கார் ஜாஸைப் பிரச்சாரத்துக்குப் பயன்படுத்தவில்லையா?" என்று தோழர்கள் கேட்கலாம். பயன்படுத்தியது உண்மைதான். 1958-ல் டேவ் ப்ரூபெக், 1963-ல் டியூக் எலிங்டன் என்று பெரிய கலைஞர்களை இந்தியாவுக்கே அனுப்பியது. ஆனால் கலைஞர்கள் எல்லோரும் பொம்மைகளாக இருந்தார்களா? 1957-ல் ஆர்கன்ஸா மாநில கவர்னர் ஃபாபஸ், கறுப்பு மாணவர்கள் பள்ளிக்குள் நுழையாதபடி துருப்புகளை நிறுத்தினார். உடனே லூயி ஆம்ஸ்ட்ராங், "சர்க்கார் அனுப்பும் சோவியத் பயணத்துக்குப் போகமாட்டேன்" என்று மறுத்துவிட்டார். சார்லஸ் மிங்கஸ் அந்த கவர்னரைக் கேலி செய்து ஓர் உருப்படி எழுதினார். பெரிய கம்பெனியின் தட்டில் 1959-ல் அது சொற்கள் இல்லாமல், வெறும் வாத்தியமாகத்தான் வந்தது. சொற்களோடு வெளியிட 1960-ல் ஒரு சிறு கம்பெனி வேண்டியிருந்தது. அதே 1960-ல் மாக்ஸ் ரோச், கறுப்பு மக்களின் விடுதலையையே பொருளாக வைத்து 'வீ இன்சிஸ்ட்' என்ற தட்டைக் கொண்டுவந்தார்.

சார்லி ஹேடன் கதை இன்னும் சூடானது. ஸ்பெயின் உள்நாட்டு யுத்தப் பாடல்களையும், சே குவேராவுக்குத் தாம் இயற்றிய இசையையும் சேர்த்து 1969-ல் 'லிபரேஷன் மியூசிக் ஆர்கெஸ்ட்ரா' தட்டைப் பதிவு செய்தார். 1971-ல் போர்ச்சுகல் மேடையில் நின்றுகொண்டே அந்தச் சே இசையை அங்கோலா, மொசாம்பிக் விடுதலை இயக்கங்களுக்குச் சமர்ப்பித்தார். மறுநாளே ரகசியப் போலீஸ் அவரைப் பிடித்துக் கொண்டுபோயிற்று. கோவாவை 1961 வரை விடாமல் பிடித்திருந்த அதே போர்ச்சுகல் சர்க்கார்தான்!

புதைத்துவிட்டுக் 'கண்டுபிடிப்பு'

இன்று பணக்கார ரசிகர்களிடையே ஒரு பொழுதுபோக்கு நடக்கிறது. யாரும் கவனிக்காத பழைய தட்டுகளைத் தேடி எடுத்து, ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து அலமாரியில் பூட்டி, "நான் கண்டுபிடித்தேன்" என்று மார்தட்டுவது. கொலம்பஸ் அமெரிக்காவைக் 'கண்டுபிடித்த' மாதிரி! அந்தத் தட்டுகள் தாமாகவா மண்ணுக்குள் போயின?

ஜோ ஹேரியட் ஜமைக்காவில் பிறந்து லண்டனுக்குப் பிழைக்கப் போன கறுப்புக் கலைஞர். கட்டுகளை உடைத்து வாசிக்கும் 'ஃப்ரீ' முறையில் 1960-லேயே 'ஃப்ரீ ஃபார்ம்' என்ற தட்டைப் பதிவு செய்தார். கல்கத்தாவில் பிறந்த ஜான் மேயரோடு சேர்ந்து, சிதாரும் தபலாவும் சாக்ஸபோனும் கலந்த இந்தோ-ஜாஸ் தட்டுகளை 1966 முதல் தந்தார். 1973-ல், 44 வயதில், வறுமையில் இறந்தார். உயிரோடு இருந்தபோது சோறு போடாத சந்தை, இன்று அவர் தட்டுக்கு ஏலம் கேட்கிறது.

லத்தீன் ஜாஸுக்கு வித்திட்டவர்களில் ஒருவர் சானோ போஸோ. ஹவானாவின் ஏழைக் குடியிருப்பிலிருந்து வந்த முழவுக் கலைஞர். கரும்புத் தோட்ட அடிமைகள் கட்டிக் காத்த ஆப்பிரிக்கத் தாளங்களை 1947-ல் டிஸி கில்லெஸ்பியின் கோஷ்டிக்குள் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டே நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1973-ல் கியூபாவில் தோன்றிய 'இராகேரே' கோஷ்டி அந்தத் தாளங்களை மேலும் வளர்த்தது, அமெரிக்கா போட்ட பொருளாதார முற்றுகைக்கு நடுவில்!

நம் நாட்டிலும் இதே கதைதான். கோவாவிலிருந்து பம்பாய்க்கு வந்த ஜாஸ் கலைஞர்கள் பகலில் சினிமா ஸ்டுடியோவிலும் இரவில் ஓட்டலிலும் வாசித்தார்கள். இந்தி சினிமா இசைக்கு உருவம் கொடுத்ததில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. தட்டு உறையிலே அவர்கள் பெயரைத் தேடினால் அகப்படாது. இந்திய ராகங்களைச் சிம்பொனியாக்க 1958-ல் ஒரு வாத்தியக் குழுவையே திரட்டியவர் அந்தோணி கோன்சால்வெஸ். 1977-ல் அவர் பெயரில் வந்த வேடிக்கையான சினிமாப் பாட்டு நாடெங்கும் தெரியும். அந்த மனிதரை எத்தனை பேருக்குத் தெரியும்?

மானாமதுரைப் பானை

அருப்புக்கோட்டையில் ரயில் ஏறினால் திருச்சுழி, நரிக்குடி தாண்டி மானாமதுரை. மேடைக் கடத்துக்குப் பேர்போன ஊர். மண்ணை மிதித்து, வனைந்து, பலகையால் தட்டித் தட்டிச் சுவரின் கனத்தை ஒன்றாக்கி, சூளையில் சுட்டு, சுருதி பார்த்துத் தருகிறார்கள் அங்கே மண்பாண்டத் தொழிலாளர்கள்.

விக்கு விநாயக்ராம் கடம் வாசித்த 'சக்தி' கோஷ்டி, ஜான் மக்ளாஃப்லினின் கிதாரையும் நம் வாத்தியங்களையும் இணைத்து, 1976, 1977-ல் தட்டுகள் வெளியிட்டது. ஜாஸும் நம் சங்கீதமும் கலந்தால் இப்படித்தான் என்று உலகமே இன்று அதைக் கொண்டாடுகிறது. மண்பானை உலக மேடையில் உட்கார்ந்துவிட்டது. நல்லது. ஆனால் பானை வனைந்தவர் பெயரை எந்தத் தட்டு உறையிலாவது பார்த்ததுண்டா? வாசித்தவருக்குக் கைதட்டல், கம்பெனிக்கு லாபம், வனைந்தவருக்கு?

நம் கடமை

நம் திருவிழாக்களில் நையாண்டி மேளம் வாசிக்கும் செட்டுகளைப் பாருங்கள். நாயனம், தவில், பம்பை, உறுமி, தமுக்கு. எழுதி வைத்த தாள் ஏதாவது இருக்கிறதா? கரகம் ஆடுபவரின் காலைப் பார்த்து மேளம் திரும்புகிறது. தவில் கேள்வி போட, பம்பை பதில் சொல்கிறது. அந்தந்த நிமிஷத்தில் கற்பித்து வாசிக்கும் இந்த வித்தையைத்தான் சிகாகோவில் செய்தால் 'உயர்ந்த கலை' என்று புஸ்தகம் போடுகிறார்கள். இங்கே செய்தால், பேசிய கூலியில் பாதியைக் கொடுத்து, பந்திக்குக் கடைசியில் உட்காரச் சொல்கிறார்கள்! இப்போது அந்தக் கூலியையும் வாடகை ஸ்பீக்கர் பறித்துக்கொண்டு போகிறது. மேளக்காரர் மகன் கருவேல மரம் வெட்டிக் கரிமூட்டம் போடப் போகிறான்.

இன்னும் ஐம்பது வருஷம் கழித்து எவனோ ஒரு சீமான் வந்து, "திருச்சுழிப் பக்கம் ஓர் அபூர்வ மேளம் இருந்ததாம், நான் கண்டுபிடித்தேன்" என்று சொல்லும்வரை காத்திருக்கப் போகிறோமா?

கூடாது, தோழர்களே! மேலே சொன்ன தட்டுகளில் பெரும்பாலானவை இன்று கைத் தொலைபேசியிலேயே கிடைக்கின்றன. சங்கக் கட்டடத்திலும் படிப்பகத்திலும் மாதம் ஓர் இரவு கூடுங்கள். ஒரு ஜாஸ் தட்டைக் கேளுங்கள். அதே இரவில் நம் ஊர் மேள செட்டை அழைத்து, பேசிய கூலியை முழுசாகக் கொடுத்து, வாசிக்கச் சொல்லுங்கள். அதே தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். பதிவின் தலையிலே வாசித்தவர் ஒவ்வொருவர் பெயரும், ஊரும், தேதியும் இருக்கட்டும். தவிலுக்கு வார் பிடித்தவர் பெயரும் இருக்கட்டும். பதிவை யாருக்குக் கொடுப்பது, என்ன விலைக்குக் கொடுப்பது என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும்.

ஜாஸ் யாருடைய சொத்து? பருத்திக் காட்டில் அதைப் பெற்றவர்களின் சொத்து. கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. நம் மேளத்தைப் பெயரோடு காப்பாற்றும் கடமையும் நமக்கே உண்டு.