புண்ணில் வாழும் புழு

மாட்டின் புண்ணிலே புழு நெளியக் கண்டால், "புண் அழுகிப் புழுவாயிற்று" என்று கூறுவோர் இன்றும் உளர். அது பொருந்தாது. மூடிவைத்த இறைச்சியிற் புழு தோன்றுவதில்லை, இலையான் மொய்த்த இறைச்சியிலேயே தோன்றும் என்பதை 1668ஆம் ஆண்டிலேயே இத்தாலிய அறிஞர் ரெடி காட்டிவிட்டார். புழுவின் தாய் இலையானே.

இலையான் புழுக்களுள் உயிருள்ள உடலையே உணவாகக் கொள்வனவும் உண்டு. வட அமெரிக்கக் காட்டெலிகளை அத்தகைய ஒருவகைப் புழு பற்றுகின்றது. தோலின் கீழே தங்கி, மூச்சுவிட ஒரு சிறு துளை வைத்துக்கொண்டு, சில வாரம் வளர்ந்தபின் அது நிலத்தில் வீழ்ந்துவிடும். எலி பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

இந்தியாவிலும் இலங்கையிலும் கால்நடைகளைப் பற்றும் திருகுப்புழுவோ அத்துணை இரக்கமுடையதன்று. உடலின் வரிகளால் திருகாணி போலத் தோன்றுவதால் இப்பெயர் பெற்றது. காயத்தின் ஓரத்திலே தாய் இலையான் ஒரே முறையில் ஏறக்குறைய 200 முட்டை இடும். ஒரு நாளுள் அவை பொரிக்கும். புழுக்கள் தலைகீழாய்ச் சதையைத் துளைத்து, ஆறேழு நாள் உண்டபின், மண்ணில் வீழ்ந்து கூட்டுப்புழுவாகும். கவனியாது விட்டால் புண் விரிந்து விலங்கு மாளவுங்கூடும்.

இதன் அமெரிக்க இனமொன்றைத் தீவொன்றிலிருந்து ஒழித்த வரலாறு மாணவர் அறியத்தக்கது. பெண் இலையான் பெரும்பாலும் வாழ்நாளில் ஒருமுறையே ஆணுடன் கூடும். மலட்டு ஆண்களை ஏராளமாகப் பறக்கவிட்டால் முட்டைகள் பொரியா எனக் கருதினார், நிப்ளிங் என்னும் அமெரிக்கப் பூச்சியியலறிஞர். 1954இல், கரிபியன் கடலிலுள்ள குரசாவோ தீவிலே, கதிர்வீச்சினால் மலடாக்கப்பட்ட இலையான்கள் ஆகாயவிமானத்திலிருந்து தொடர்ந்து விடப்பட்டன. சில மாதங்களுள் அத்தீவின் ஆடுகள் புழுவினின்று விடுபட்டன. புதிய இலையான் வந்து சேராவண்ணம் கடல் அரணாய் நின்றமை பெருந்துணையாயிற்று.

நம் மாட்டுக்கொட்டிலுக்கு அத்தகைய அரண் இல்லை. நமது கவனமே அரண். பனங்கருக்குக் கீறிய சிறு காயமும், பிறந்த கன்றின் தொப்பூழும் இலையானுக்குப் போதிய வாயில்கள். நாள்தோறும் பார்த்து, காயத்தைக் கழுவி மருந்திடுங்கள். புழு கண்டால் தாமதியாது மிருக வைத்தியரை நாடுங்கள். எடுத்த புழுவை நிலத்தில் எறியாது கொதிநீரிலிட்டுக் கொல்லுங்கள். எறிந்தாலோ, நம் திருநெல்வேலிச் செம்மண்ணே அதற்குத் தொட்டிலாகும். ஏறக்குறைய ஒரு வாரத்தில் அது இலையானாகி, அடுத்த காயத்தைத் தேடிப் பறக்கும்.