அதிபர்மார் படிக்கவும் பார்க்கவும்

விஜயதசமியன்று ஏடு தொடக்கக் கோயிலுக்கு அழைத்து வரப்படும் குழந்தைகளில் எத்தனை பேர் பத்து வயதிலும் தமிழ் வகுப்பில் இருப்பார்கள்? பாரிஸில் வார இறுதிப் பாடசாலை நடத்தும் அதிபர்களை வாட்டும் கேள்வி இது. பிள்ளை வாரம் முழுவதும் பிரெஞ்சுப் பள்ளியில் இருந்து களைத்து வருகிறது. அதிபரும் வேறு வேலை பார்த்துவிட்டுக் களைத்தே வருகிறார். ஊரில் தாம் கண்ட அதிபரையே மனத்தில் வைத்து நடக்க முயல்கிறார். அந்த அதிபர் நல்லவர்தான். அவருடைய பிரம்பு மட்டும் இங்கே செல்லாது.

இத்தகையோருக்கு முதலில் கொடுக்க வேண்டிய நூல் ஜப்பானியப் பெண்மணி டெட்சுகோ குரோயானாகி 1981இல் எழுதிய 'டோட்டோ-சான்'. தமிழிலும் பிரெஞ்சிலும் கிடைக்கிறது. குறும்புக்காக ஒரு பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட சிறுமியைப் புதிய பள்ளியின் அதிபர் கோபயாஷி எதிரே அமர்த்தி, அவள் பேச்சு முடியும்வரை ஏறத்தாழ நான்கு மணிநேரம் கேட்டிருக்கிறார். அப்பள்ளியின் வகுப்பறைகள் பழைய ரயில் பெட்டிகள். வளர்ச்சி குன்றிய ஒரு மாணவனைப் பார்த்து, உனக்கு வால் இருக்கிறதா என்று ஆசிரியை ஒருவர் விளையாட்டாய்க் கேட்டுவிடுகிறார். அதிபர் கடுங்கோபம் கொள்கிறார். ஆனால் கண்டித்தது சமையலறையில், தனியாக. பெற்றோர் முன்னிலையில் ஆசிரியரைக் கடியும் வழக்கமுள்ளோர் அப்பக்கங்களை இருமுறை படித்தல் நலம். இக்கதை 2023இல் சித்திரப்படமாகவும் வந்துள்ளது.

திரைப்படங்களில் நிக்கோலா ஃபிலிபேர் எடுத்த 'எத்ர் எ அவுவார்' (2002) ஓர் ஆவணப்படம். ஒவேர்ன் மலைப்பகுதிக் கிராமமொன்றில் ஒரே வகுப்பறை. அதில் பல வயதுப் பிள்ளைகள். தமிழ் வகுப்புகளின் நிலையும் பெரும்பாலும் இதுதானே! சண்டையிட்ட இரு பையன்களை ஆசிரியர் ஜோர்ஜ் லோப்பெஸ் எதிரே இருத்தி, குரலை உயர்த்தாமல் பேசவைக்கும் இடம் ஒன்று போதும். அவரும் ஸ்பெயினிலிருந்து வந்த பண்ணைத் தொழிலாளியின் மகன்.

லோரான் கான்ற்றேயின் 'ஆந்த்ர் லே முர்' (2008) இனிய படமன்று; ஆயினும் மிகவும் வேண்டிய படம். பாரிஸ் இருபதாம் வட்டாரக் கல்லூரி ஒன்றில் எடுக்கப்பட்டு, கான் விழாவில் தங்கப்பனை விருது பெற்றது. ஆசிரியர் வாய்தவறிச் சொன்ன ஒரு சொல்லால் தகராறு மூள்கிறது. மாலி நாட்டுக் குடும்பத்துப் பையன் ஒழுக்காற்று விசாரணைக்கு அழைக்கப்படுகிறான். தாய்க்குப் பிரெஞ்சு தெரியாது. தன்மேல் சாட்டப்படும் குற்றத்தையும், தனக்காகத் தாய் மன்றாடுவதையும் அவனே மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது. ஆசிரியர் சந்திப்புக்குப் பிள்ளையையே மொழிபெயர்ப்பாளராய் அழைத்துச் செல்லும் பெற்றோர் லாச்சப்பலில் அநேகர். பிரெஞ்சுப் பள்ளி கூறுவதைத் தாய்தந்தையருக்குத் தமிழில் விளக்கத் தமிழ்ப் பாடசாலை அதிபரைவிடத் தகுந்தவர் யார்? அந்தக் காட்சியைப் பார்த்தபின் அவ்வேலையைத் தட்டிக்கழித்தல் கடினம்.

பெர்த்ரான் தவேர்னியேயின் 'சா கொமான்ஸ் ஒஜுர்துயி' (1999) வட பிரான்சின் வறிய சுரங்கப் பகுதிப் பாலர் பள்ளி அதிபரின் கதை. அங்கும் பள்ளிக்கூடத்துக்குள் நுழைவது வீட்டுத் துன்பமே.

ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, மாணாக்கருக்கென்றே 'பாலபாடம்' எழுதி அச்சிட்டார். இன்று பாரிஸ் பிள்ளைக்கு அதை அப்படியே ஓதுவித்தல் இயலாது. அதிபர்கள் படித்தால், தம் காலத்துப் பிள்ளைக்குத் தாமே பாடம் எழுதிக்கொண்ட ஒருவரைக் காண்பார்கள்.

நூல்களை விலைக்கு வாங்கவே வேண்டுமென்பதில்லை. ரூ பிலிப்-து-ஜிராரிலிருந்து சற்று நடந்தால் பஜோல் கூடத்தில் வாக்லாவ் ஹவெல் நூலகம் 2013 முதல் இயங்குகிறது. நூல் இரவலுக்குக் கட்டணமில்லை. அதுவும் பழைய ரயில்வேக் கொட்டகைதான், கோபயாஷி மகிழ்ந்திருப்பார். இவ்வீதிக்குப் பெயர் தந்த ஜிரார், ஆளிச்செடி நாரை நூற்க 1810இல் இயந்திரம் கண்டும், நெப்போலியன் அறிவித்த பத்து லட்சம் பிராங்க் பரிசைப் பெறாமலே 1845இல் மறைந்தவர். சம்பளமில்லா அதிபர்களுக்கு ஏற்ற வீதிதான்!

ஒரு குறிப்பு: 'ஆந்த்ர் லே முர்' படத்தில் மாணவர் பேச்சு கரடுமுரடானது. ஆசிரியர்கள் முதலில் தமக்குள் பார்த்துவிட்டு, பிறகு பெற்றோருக்குக் காட்டுவதா என்று தீர்மானிக்கலாம்.