நான் ரசித்த இசை: அந்தக் கடைசிக் கச்சேரி

மெட்டல் என்றாலே காதைப் பொத்திக்கொள்ளும் சகோதரிகளே, ஃபின்லாந்தின் 'நைட்விஷ்' குழுவினரின் 'எண்ட் ஆஃப் அன் எரா'வை ஒரு தடவை கேளுங்களேன்! 2005 அக்டோபர் 21-ல் ஹெல்சிங்கியில் ரசிகர்கள் முன் பாடிய கச்சேரி, 2006-ல் வெளிவந்தது. கிட்டார் இடியாய் முழங்க, அதற்கும் மேலே டார்யா டுருனெனின் குரல் கம்பீரமாய் எழும்புகிறது. முறையாக மேல்நாட்டு சாஸ்திரீய சங்கீதம் படித்த குரலாச்சே! நடுவில் ஜான் டூ-ஹாக்ஸ் புல்லாங்குழல் வாசிப்பார். அடுப்பில் பால் இருந்தால் இறக்கிவிட்டு வந்து உட்காருங்கள்.

கச்சேரி முடிந்த கையோடு மற்ற நால்வரும் ஒரு கடிதத்திலேயே டார்யாவை நீக்கிவிட்டார்கள். பாடும்போது அவருக்கு அது தெரியாது, பாவம். ஒன்பது வருஷம் கூடவே பாடினவளிடம் நேரில் சொல்லக் கூடாதோ? எனக்கு மனசு ஆறவே இல்லை. இதைத் தெரிந்துகொண்டு கேட்டால், கடைசியில் ஜனங்கள் போடும் ஆரவாரம்கூட வேறு மாதிரி காதில் விழுகிறது.