"ஜி.எஸ்.டி. இருக்கே சார்!"

ஆழ்வார்பேட்டை ஆஞ்சநேயர் கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு கடை. கல்யாணத்துக்கு அண்டா, நாற்காலி, ஷாமியானா வாடகைக்கு விடுகிறார்கள். இரண்டு பார்ட்னர்கள், பெரியவர் சின்னவருக்கு அக்கா புருஷன். போன வாரம் போனபோது இருவர் முகத்திலும் களையில்லை. விழா நடத்தித் தருகிற ஒருவர் நாலு லட்சம் பாக்கி வைத்து இழுத்தடிக்கிறாராம்.

"கேஸ் போட வேண்டியதுதானே?"

"வக்கீல் முடியாதுங்கிறார் சார். ஃபர்ம் ரிஜிஸ்டர் ஆகலையாம்" என்றார் பெரியவர்.

"ஜி.எஸ்.டி. இருக்கே சார்!" என்றார் சின்னவர்.

ஜி.எஸ்.டி. எண் வரி கட்டத்தான். பாக்கி வசூலுக்கு உதவாது. 1932-ம் வருஷத்து இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் ஒரு விசித்திரம். பதிவு செய்தே தீர வேண்டும் என்று அது சொல்வதில்லை. 69-வது பிரிவில்தான் பிடி: பதிவாகாத ஃபர்ம், ஒப்பந்தத்தைக் காட்டி வெளியாள் மேல் வழக்குப் போட முடியாது. அந்த வெளியாள் இவர்கள் மேல் தாராளமாகப் போடலாம். 100 ரூபாய்க்கு மேற்படாத சில்லறை வழக்குகளுக்கு ஒரு விலக்கு உண்டு. அன்றைக்கு அது பெரிய காசு. இன்று ஷாமியானாவை ஏற்றி இறக்கும் கூலிக்குக்கூடக் காணாது. இதைவிட வேடிக்கை, கடையைக் கலைத்துவிட்டுக் கணக்குக் கேட்டு இவர்கள் இருவரும் ஒருவர் மேல் ஒருவர் வழக்குப் போடலாம். அதற்குப் பதிவு தேவையில்லை!

சட்டத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது. பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால், கடன் கொடுத்தவன் வந்து கேட்கும்போது "நான் பார்ட்னரே இல்லை" என்று கழன்றுகொள்ள முடியாது. ஊர் பேர் தெரியாதவனை நம்பிச் சரக்குக் கொடுக்க வேறென்ன பிடிமானம்?

இதே பேட்டையில் எண்ணூறு சதுர அடி ஃபிளாட் வாங்குகிறவர் முப்பது வருஷ வில்லங்கம் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுப்பதில்லை. அந்த வில்லங்கத்தைத் தருகிற பதிவுத்துறைதான் கூட்டு வியாபாரங்களின் பதிவேட்டையும் வைத்திருக்கிறது. தலைமை அலுவலகம் சாந்தோம் நெடுஞ்சாலையில். ஆட்டோ பிடித்தால் வந்துவிடும். பங்கு போட்டுத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு மட்டும் அந்தப் பக்கம் போகத் தோன்றுவதில்லை.

இவர்களுக்கு வழி அடைபடவில்லை. வழக்குப் போடும் நாளில் பதிவு இருந்தால் போதும். போட்ட பிறகு ஓடினால்தான் செல்லாது. பாக்கி வழக்குக்கு மூன்று வருஷக் கெடு, அதில் இன்னும் பதினோரு மாதம் மிச்சம் இருக்கிறது.

நேற்று மாலை அந்தப் பக்கமாக நடந்தபோது விண்ணப்பம் மேஜை மேல் கிடந்தது. யார் பெயரை முதலில் எழுதுவது என்பதில் பெரியவருக்கும் சின்னவருக்கும் இன்னும் முடிவாகவில்லை.