குமரித் தென்னந்தோப்பில் முக்கால் இடம் சும்மா கிடக்குது: விற்கும் முன் ஒரு கணக்கு

'ஊர்ல இருக்கிற தோப்பால என்ன லாபம்? பிளாட் போட்டு வித்துடலாமே!' வெளியூரில் வேலை பார்க்கும் குமரி மாவட்ட வாரிசுகள் பலருக்கும் வரும் யோசனை இது. தேங்காயை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் நியாயம்தான். ஆனால், மரத்துக்குக் கீழே உள்ள மண் அந்தக் கணக்கில் சேரவில்லை.

எவ்வளவு இடம் காலி?

7.5 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 70 தென்னை. வேர்களில் பெரும்பகுதி அடிமரத்தைச் சுற்றி 2 மீட்டருக்குள்ளேயே இருக்கும். இது மொத்த நிலத்தில் கால் பங்குகூட இல்லை.

எதை, எப்போது நடலாம்?

வெளிச்சம்தான் முடிவு செய்யும். முதல் சில வருடங்கள் வெயில் தாராளமாக விழும், காய்கறி போடலாம். 8 முதல் 20 வயது வரை நிழல் அதிகம். அதற்குப் பிறகு மறுபடியும் வெயில் இறங்கும். அப்போது வாழை, இஞ்சி, மஞ்சள், சேனை, மரச்சீனி எல்லாம் வரும். தென்னையிலேயே நல்லமிளகுக் கொடியை ஏற்றலாம்.

ரப்பர் கதை வேறு. முதல் மூன்று வருடம் வாழையோ அன்னாசியோ போடலாம். அப்புறம் நிழல் மூடிவிடும்.

ஏன் இது முக்கியம்?

2017 நவம்பர் கடைசியில் வீசிய ஒக்கி புயல், மாவட்டத்தில் ரப்பரையும் வாழையையும் தென்னையையும் சாய்த்துப் போட்டது. மரம் விழுந்தாலும் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கைக் காற்று தொடாது. தேங்காய் விலை சரியும் வருடத்திலும் கைகொடுக்க இன்னொரு பயிர் இருக்கும்.

சும்மா வருமா?

வராது. ஊடுபயிருக்குத் தனியாக உரமும் தண்ணீரும் கொடுக்காவிட்டால் தென்னையின் காய்ப்பு குறையும். வடிகால் இல்லாத இடத்தில் இஞ்சி அழுகிவிடும். நடும் முன் பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் ஆலோசனை கேட்பது நல்லது.

உண்மையான தடை வேறு இடத்தில் இருக்கிறது. வெளியூரில் இருப்பவர் தோப்பை வருடா வருடம் வாய்ப்பேச்சில் குத்தகைக்கு விட்டால், குத்தகைக்காரர் தேங்காய் வெட்டுவதோடு நின்றுவிடுவார். நல்லமிளகு காய்க்கவே மூன்று வருடம் ஆகும். அடுத்த வருடம் தோப்பு தன் கையில் இருக்குமா என்று தெரியாதவர் அதை ஏன் நடப்போகிறார்?

ஐந்தாறு வருடத்துக்கு எழுத்தில் ஒப்பந்தம், ஊடுபயிர் வருமானத்தில் உழைப்பவருக்குப் பெரும் பங்கு. வாரிசுகள் முதலில் இதைச் செய்து பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் கட்டுப்படியாகாவிட்டால் விற்பதைப் பற்றிப் பேசலாம். பிளாட் ஆன தோப்பு மறுபடியும் தோப்பாகாது.