எரர் எண் வந்ததும் சென்சார் விற்கலாமா?



நான் நாற்பது ஆண்டுகளாக மோட்டார் உதிரி பாகங்களை மொத்த வியாபாரம் செய்து வருபவன். படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. பிஸ்டன் ரிங், கிளட்ச் தட்டு, பிரேக் ஷூ என்று கையில் எடுத்துப் பார்த்தாலே தேய்மானம் தெரிகிற சரக்குகளை விற்று வளர்ந்தவன். இப்போது வருகிற சரக்கில் கண்ணுக்குத் தெரியாத பழுதுதான் அதிகம். அப்படிப்பட்ட ஒரு சரக்கைப் பற்றியும், அதை நாம் விற்கிற விதத்தைப் பற்றியும் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். மளிகை, ஜவுளிக் கடைக்கார நண்பர்கள் "இது நமக்கில்லை" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உங்கள் வீட்டு வாசலிலும் கார் நிற்கிறது.

சென்ற ஆண்டு ஒரு மெக்கானிக் கடைக்கு வந்தார். செல்போனை நீட்டினார். ஸ்கேனர் மாட்டி எடுத்த படம். அதில் பி 0340 என்று இருந்தது. "கேம் சென்சார் ஒண்ணு கொடுங்க" என்றார். பையன் எடுத்துக் கொடுத்தான், பில் போட்டோம். மறுநாள் திரும்பி வந்தார். "பீஸ் சரியில்லை, அதே எண்தான் வருது" என்றார். பெட்டி பிரித்த மின்சாரச் சரக்கைத் திரும்ப எடுப்பதில்லை என்று போர்டு தொங்குகிறது, நான் எடுக்கவில்லை. கூடுதல் விலையில் வேறு கம்பெனிப் பீஸ் வாங்கிப் போனார். அதுவும் உதவவில்லை. மூன்றாவதாக, கார் கம்பெனியின் ஒரிஜினல் பெட்டியையே வரவழைத்துக் கொடுத்தேன். அதே எண்.

கார் ஒரு டாக்சி. தவணைக்கு ஓடுகிற வண்டி. ஆறு நாள் பட்டறையில் நின்றது. கடைசியில் வயதான ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியன் பேட்டரி தட்டைக் கழற்றிப் பார்த்திருக்கிறார். அதன் அடியில் ஒயர் கட்டு ஒரு தகட்டு விளிம்பில் உரசி, சிக்னல் ஒயர் உள்ளுக்குள் அறுந்து கிடந்தது. ஒரு சாண் ஒயர், ஒரு ஸ்லீவ். வேலை முடிந்தது.

அந்த டிரைவர் மறுநாள் என் கடைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "அண்ணாச்சி, நீங்க வித்த மூணு சென்சாருமே நல்லாத்தான இருந்துச்சு?" என்று கேட்டார். "ஆமா தம்பி" என்றேன். "அப்போ ஏன் மூணு வித்தீங்க?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் இந்தச் சரக்கு என்ன வேலை செய்கிறது என்றே விசாரித்தேன். இத்தனை வருடம் விற்றுவிட்டு அப்போதுதான் கேட்டேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் கிராங்க்ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் கேம்ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றும். அந்த இரண்டு சுற்றில் பிஸ்டன் இரண்டு தடவை மேலே வரும். ஒரு தடவை கலவையை அழுத்திக்கொண்டு வரும், மறு தடவை எரிந்த புகையைத் தள்ளிக்கொண்டு வரும். பிஸ்டன் மேலே வந்துவிட்டது என்று கிராங்க் சென்சார் சொல்லும். எந்த வேலையாக வந்தது என்று சொல்வது கேம் சென்சார். நம் பாஷையில் சொன்னால், லாரி வாசலுக்கு வந்துவிட்டது என்பவன் ஒருவன், சரக்கு இறக்க வந்ததா ஏற்ற வந்ததா என்பவன் இன்னொருவன். இந்த இரண்டாவது தகவல் கிடைக்காவிட்டால் கம்ப்யூட்டர் பெட்டி தடுமாறும். வண்டி ஸ்டார்ட் ஆக நேரம் பிடிக்கும், இழுவை குறையும், சில வண்டிகள் ஓட்டத்தில் நின்றுவிடும். பல வண்டிகள் கிராங்க் சென்சாரை மட்டும் வைத்து ஒப்பேற்றி ஓடவும் செய்யும்.

பி 0340 என்ற எண்ணுக்கு "சென்சார் கெட்டுவிட்டது" என்று பொருள் இல்லை. கேம் சென்சார் சர்க்யூட்டில் கோளாறு என்றுதான் பொருள். சர்க்யூட் என்றால் சென்சார், கப்ளர், ஒயர்கள், கம்ப்யூட்டர் பெட்டி எல்லாம் சேர்ந்தது. பி 0341 வந்தால், சிக்னல் வருகிறது ஆனால் எதிர்பார்த்தபடி இல்லை என்று அர்த்தம். பி 0016 வந்தால் கிராங்க்கும் கேமும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. அங்கே டைமிங் செயின் நீண்டிருக்கலாம், பெல்ட் மாற்றியவர் ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கலாம், ஆயில் மாற்றாமல் ஓட்டி வால்வு டைமிங்கை மாற்றும் அமைப்பு சிக்கியிருக்கலாம். இந்தக் கோளாறுக்கு நான் எத்தனை சென்சார் விற்றாலும் செயின் குட்டையாகப் போவதில்லை.

சோதிக்கிற முறை கஷ்டமானதல்ல. முதலில் கப்ளரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். உள்ளே ஆயில் இறங்கியிருக்கிறதா, பச்சை பூத்திருக்கிறதா, பின் வளைந்திருக்கிறதா என்று கண்ணே சொல்லிவிடும். மூன்று ஒயர் சென்சார் என்றால் ஒன்று சப்ளை, ஒன்று எர்த், ஒன்று சிக்னல். சாவியைத் திருப்பி மல்டிமீட்டர் வைத்தால், வண்டியைப் பொறுத்து 5 வோல்ட்டோ 12 வோல்ட்டோ சப்ளையில் வர வேண்டும். வராவிட்டால் கோளாறு சென்சாரில் இல்லை. சப்ளையும் எர்த்தும் சரி என்றால், கப்ளரை மாட்டி சிக்னல் ஒயரில் மீட்டரை வைத்து என்ஜினை ஸ்பானரால் மெதுவாகச் சுற்ற வேண்டும். மீட்டர் மேலும் கீழுமாகத் தாவினால் சென்சார் பேசுகிறது. அது பேசுவது கம்ப்யூட்டர் பெட்டி வரை போய்ச் சேர்கிறதா என்று ஒயரின் அந்த முனையிலும் பார்க்க வேண்டும். நம் டாக்சியில் இந்த இடத்தில்தான் அறுந்திருந்தது. இரண்டு ஒயர் சென்சார் வேறு ஜாதி. உள்ளே சுருள் இருக்கிறது, அதை ஓம் அளவில் பார்க்கலாம். மூன்று ஒயர் சென்சாரை ஓம் வைத்துப் பார்த்துவிட்டு "செத்துப்போச்சு" என்று தீர்ப்புச் சொல்வது தவறு.

ஒரு விஷயம் மெக்கானிக்குகளுக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டும். குளிர்ந்திருக்கும்போது நன்றாக வேலை செய்து, சூடேறியதும் சாகிற சென்சார்கள் உண்டு. அதைக் கண்டுபிடிப்பது சிரமம். அதே மாதிரி, பெட்டியிலிருந்து எடுக்கும்போதே கெட்டிருக்கிற மலிவுச் சரக்கும் மார்க்கெட்டில் ஓடுகிறது. அதை வாங்கி விற்பது நாம்தான். ஆகவே "மெக்கானிக்குத் தெரியவில்லை" என்று கையை உதறிவிடவும் நமக்கு யோக்கியதை இல்லை.

சக வியாபாரி ஒருவரிடம் இதைச் சொன்னேன். "கேட்ட சாமானைக் கொடுப்பதுதான் நம்ம வேலை. டாக்டர் சீட்டை மருந்துக்கடைக்காரன் திருத்துவானா?" என்றார். நல்ல கேள்விதான். ஆனால் மருந்துக்கடைக்காரர்கூடச் சீட்டில் சந்தேகம் வந்தால் டாக்டருக்கு ஒரு போன் போடுகிறார். மேலும், இங்கே சீட்டு எழுதுவது டாக்டர் இல்லை, ஸ்கேனர். செல்போனோடு சேர்கிற சின்ன ஸ்கேனர்கள் மலிவாகக் கிடைக்கின்றன. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 வந்த பிறகு வண்டிகளில் சென்சார்கள் பெருகிவிட்டன. எண்ணைப் படிக்கிறவர்கள் பெருகிய அளவுக்கு ஒயரைப் பார்க்கிறவர்கள் பெருகவில்லை.

என் கடையில் இப்போது பையன்கள் நான்கு கேள்வி கேட்கிறார்கள். என்ன எண் வந்தது? கப்ளரில் சப்ளை பார்த்தீர்களா? சமீபத்தில் செயின் அல்லது பெல்ட் வேலை நடந்ததா? எண்ணை அழித்துவிட்டு ஓட்டியதும் திரும்ப வந்ததா? முதலில் சிலர் முகம் சுளித்தார்கள். "சாமான் கேட்டா பரீட்சை வைக்கிறீங்களே" என்று ஒருவர் எதிர்க்கடைக்குப் போய்விட்டார். விற்பனை கொஞ்சம் குறைந்தது என்பதை மறைக்கவில்லை. திரும்பி வருகிற பெட்டிகளும், கல்லா முன் நடக்கிற சண்டைகளும் அதைவிட அதிகமாகக் குறைந்தன.

திரும்பி வருகிற சரக்கைச் சோதிக்க என் மகன் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறான். பழைய செல்போன் சார்ஜரின் 5 வோல்ட், ஒரு ரெசிஸ்டர், ஒரு மீட்டர். மூன்று ஒயர் சென்சாரை அதில் மாட்டி, முனைக்கு முன்னால் ஸ்குரூ டிரைவரை ஆட்டினால் மீட்டர் தாவ வேண்டும். எந்தப் பின் எது என்று தெரிந்துதான் மாட்ட வேண்டும், மாறினால் நல்ல சென்சாரும் போய்விடும். சூட்டில் சாகிற பீஸை இது காட்டாது. ஆனாலும் வாங்கியவர் கண் முன்னாலேயே சோதிப்பதால் வாக்குவாதம் நின்றுவிடுகிறது.

அந்த டாக்சிக்குப் போன மூன்றில் ஒன்று வண்டியிலேயே ஓடுகிறது. மற்ற இரண்டையும் போர்டைப் பார்க்காமல் திரும்ப எடுத்துப் பணம் கொடுத்துவிட்டேன். ஆறு நாள் வருமானத்தை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை, அவரும் கேட்கவில்லை.

நம் சங்கத்தில் உதிரி பாகக் கடைகள் பல இருக்கின்றன. ஒருவர் கேள்வி கேட்டு, அடுத்தவர் கேட்காமல் விற்றால், கேட்டவருக்குத்தான் நஷ்டம். ஆகவே அடுத்த செயற்குழுவில் இரண்டு விஷயங்களைப் பேச வேண்டுகிறேன். ஒன்று, சப்ளையும் எர்த்தும் பார்த்துவிட்டோம் என்று மெக்கானிக் சொன்ன பிறகே சென்சார் பில் போடுவது. இரண்டு, சோதித்துக் காட்டிப் பழுதான சென்சாரை எல்லாக் கடைகளும் ஏழு நாளுக்குள் மாற்றிக் கொடுப்பது. சோதனைப் பெட்டி செய்ய விரும்புகிறவர்கள் கடைக்கு வந்தால் மகன் செய்து காட்டுவான்.