யார் ஏற்றுக்கொண்ட ஆபத்து?

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் 'தொழில் அறநெறி' என்று ஒரு தாள் உண்டு. தேர்வுக்கு முந்தைய இரவு படித்துத் தேறிவிடும் தாள். 'பாதுகாப்பு என்றால் என்ன?' என்பது அதில் பழகிய கேள்வி. அதற்கான விடையின் வேர் வில்லியம் லோரன்ஸ் 1976இல் எழுதிய நூலில் இருக்கிறது. ஆபத்தே இல்லாத பொருள் எதுவும் கிடையாது. ஒன்றின் ஆபத்து ஏற்கத்தக்கது என்று கருதப்பட்டால் அது பாதுகாப்பானது.

'கருதப்பட்டால்' என்ற சொல்லில் கருதுபவர் யாரென்று இல்லை. அதைக் கேட்காமல் நகர்ந்துவிடுகிறது வகுப்பறை. ஏற்கத்தக்கது என்று முடிவு செய்பவரும் அந்த ஆபத்தில் இறங்குபவரும் ஒரே ஆள்தானா?

பாதாளச் சாக்கடையை எடுத்துக்கொள்வோம். காற்றில்லாமல் தேங்கும் கழிவில் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்குகின்றன. காற்றைவிடக் கனமான வாயு என்பதால் அடியில் தங்கும். சேற்றைக் கிளறினால் குபுகுபுவென்று வெளியேறும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். ஆனால் காற்றில் பத்து லட்சம் பங்குக்கு நூறு பங்கைத் தாண்டினால் மூக்கு மரத்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று நினைக்கும்போதுதான் ஆபத்து ஏறுகிறது. ஆயிரம் பங்கை நெருங்கினால் ஓரிரு மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவார். தூக்கப் போகிறவரும் சாய்வார். செய்தித்தாளில் 'விஷவாயு தாக்கி இருவர் பலி' என்று நான்கு வரி வரும்.

எந்தப் பொறியாளருக்கும் தெரியாத அறிவியல் அல்ல இது. 2019 முதல் 2023 வரை சாக்கடை, செப்டிக் டேங்க் சுத்தம் செய்யும்போது 377 பேர் இறந்ததாக நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசே சொன்னது. 1993 முதலான கணக்கில் அதிக மரணங்கள் பதிவான மாநிலம் தமிழ்நாடு. பெரியார் மண் என்று நாம் பெருமை பேசும் இதே மாநிலம்தான். 2024இல் வெளியான அரசின் கணக்கெடுப்பில், பதிவான சுமார் 38,000 சாக்கடை, செப்டிக் டேங்க் தொழிலாளர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் பட்டியல் சாதியினர். தற்செயலாக விழும் விபத்துக்குச் சாதி தெரியாது. இந்த ஆபத்துக்குத் தெரிகிறது.

'யாரும் கட்டாயப்படுத்தவில்லை, கூலிக்குத்தானே இறங்கினார்' என்பார்கள். மனிதர்கள் தாமே விரும்பி ஏற்கும் ஆபத்தையும் தம்மீது சுமத்தப்படும் ஆபத்தையும் வேறுவேறாகவே மதிப்பிடுகிறார்கள் என்று சான்சி ஸ்டார் 1969இலேயே எழுதினார். மலையேறுபவர் மலையைத் தேர்ந்தெடுக்கிறார். வேறு வேலை கேட்டால் சாதியைக் கேட்டுத் துடைப்பத்தைக் கொடுக்கும் ஊரில் ஒருவர் எதைத் தேர்ந்தெடுக்க முடியும்?

சட்டத்திலும் இந்த ஓட்டை இருக்கிறது. 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புக் கருவியும் முன்னெச்சரிக்கையும் இல்லாமல் சாக்கடையில் இறக்குவதைத்தான் 'அபாயகரமான சுத்தம்' என்று தடை செய்கிறது. கருவி கொடுத்ததாகக் காகிதம் இருந்தால் போதும், மனிதர் இறங்கலாம் என்றாகிறது. 2021இல் மலம் அள்ளுவதால் யாரும் சாகவில்லை என்று மாநிலங்களவையில் அமைச்சரால் சொல்ல முடிந்ததும் இப்படிப்பட்ட வகைப்பிரிப்பால்தான். செத்தவர்கள் வேறு தலைப்பின் கீழ் எண்ணப்பட்டார்கள்.

ஃபோர்டு நிறுவனம் 1970களில் ஓர் உயிருக்கு 2 லட்சம் டாலர் என்று வைத்துக் கணக்குப் போட்டதை வகுப்பில் படித்து அதிர்கிறோம். இங்கே உச்ச நீதிமன்றம் 2014இல் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்றது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. அது குடும்பங்கள் போராடிப் பெற்ற உரிமை. ஆனால் இழப்பீடு சாவுக்குப் பின் வருவது. ஓர் உயிருக்கு என்ன மதிப்பு என்பது அதற்கு முன்பே, டெண்டரில் இயந்திரத்துக்குப் பணம் ஒதுக்கினார்களா இல்லையா என்பதில் முடிவாகிவிடுகிறது.

'குறுகலான சந்துக்குள் இயந்திரம் போகாது' என்பது அடுத்த சாக்கு. இயந்திரம் போகாத இடத்தில் குழாய் பதித்தது யார்? வரைபடம் போட்டவர் மனதில் இறங்குவதற்கு ஓர் ஆள் ஏற்கெனவே இருந்தார். அந்த ஆள் எந்தத் தெருவிலிருந்து வருவார் என்பதும் அவருக்குத் தெரியும். கேரள இளம் பொறியாளர்கள் 2018லேயே சாக்கடைக்குள் இறங்கும் பேண்டிகூட் ரோபோவைச் செய்து காட்டினார்கள். 2023 ஒன்றிய பட்ஜெட், மேன்ஹோலை 'மெஷின்ஹோல்' ஆக்குவோம் என்றது. பெயர் மாற்றம் ஒரு நிமிட வேலை. வடிவமைப்பை மாற்றத்தான் பணமும் மனமும் வேண்டும்.

சிவில் படித்துவிட்டு நகராட்சியிலோ கட்டுமான நிறுவனத்திலோ வேலைக்குச் சேரப்போகும் தோழர்களே, உங்கள் மேசைக்கு ஒரு செப்டிக் டேங்க் வரைபடம் வரும். இது நிறைந்தால் யார், எப்படிச் சுத்தம் செய்வார்கள் என்று கேளுங்கள். பதில் ஓர் ஆள் என்றால் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த ஆபத்தை நாம் ஏற்றுக்கொள்வதற்கு அது நம்முடைய உயிர் அல்ல.